மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் கடன் தீர்ந்துவிடுமா? திவால் பற்றி நம் வீடுகளில் உலவும் தவறான எண்ணங்கள்

"அவர் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டாராம்."

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது இந்த ஒரு வரி காதில் விழுந்தால் போதும். கொடுத்தவரைப் பற்றி ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. "ஏமாற்றிவிட்டார்" என்பார் ஒருவர். "தப்பித்துவிட்டார்" என்பார் இன்னொருவர். அதே சிக்கலில் இருக்கும் மூன்றாமவர் எதுவும் பேசாமல், "நாமும் கொடுத்தால் என்ன?" என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறார்.

மூவருக்குமே சட்டம் தெரியாது. மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்பதும் முழுமையாகத் தெரியாது.

நம் குடும்பங்களில் பெரும்பாலானவை சிறு வியாபாரத்தையும் வெளிநாட்டு வருமானத்தையும் நம்பி நிற்பவை. கொரோனா ஊரடங்கில் விழுந்த கடைகள் பல இன்னும் முழுதாக எழவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஆம்பூர், வாணியம்பாடி பகுதித் தோல் தொழிலும் அதைச் சார்ந்து வாழும் குடும்பங்களும் கலங்கின. கைப்பேசியில் சில நிமிடங்களில் கடன் தரும் செயலிகள், வாரத் தவணை நுண்கடன்கள், மீட்டர் வட்டி, கந்துவட்டி என்று கடனின் வடிவங்களும் பெருகிவிட்டன. வசூல் கொடுமை எல்லை மீறியதால்தான், கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழக அரசு 2025இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது.

இந்தச் சூழலில் திவால் பற்றிய அறியாமை இரு பக்கமும் வெட்டுகிறது. திவால் மனு கொடுத்தால் எல்லாம் தீர்ந்தது என்று நம்பி அவசரப்படுகிறவர் இருப்பதையும் இழக்கிறார். திவால் என்றாலே மானக்கேடு என்று அஞ்சி வாயை மூடிக்கொள்கிறவர், சட்டமும் மார்க்கமும் தந்திருக்கும் வழிகளைப் பயன்படுத்தாமலே நசுங்கிப் போகிறார். எனவே அந்தத் தவறான எண்ணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "நோட்டீஸ் கொடுத்த அன்றே கடன் போய்விடும்"

இதுதான் மிகப் பரவலான, மிக ஆபத்தான எண்ணம்.

தமிழ்நாட்டில் சென்னை தவிர்த்த பகுதிகளுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமும், சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டின் மாநகர நொடிப்புச் சட்டமும் பொருந்துகின்றன. மக்கள் 'ஐ.பி.' என்று சொல்வது இந்தச் சட்டங்களின்கீழ் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் மனுவைத்தான்.

வக்கீல் மூலம் கடன்காரர்களுக்கு அனுப்பும் அறிவிப்பு எந்தக் கடனையும் தள்ளுபடி செய்வதில்லை. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆவது பிரிவைப் படித்தால் ஓர் உண்மை விளங்கும். "இனி என்னால் கடனைச் செலுத்த முடியாது" என்று கடன் கொடுத்தவருக்கு அறிவிப்புக் கொடுப்பதே 'நொடிப்புச் செயல்' என்று அந்தப் பிரிவு வகைப்படுத்துகிறது. அதிலிருந்து 3 மாதங்களுக்குள் கடன் கொடுத்தவரே நீதிமன்றம் சென்று, "இவரைத் திவாலானவராக அறிவித்து, இவர் சொத்துகளைக் கைப்பற்றுங்கள்" என்று கேட்கலாம். அதாவது நாம் கேடயம் என்று நினைத்து நீட்டும் தாள், எதிராளியின் கையில் வாளாகவும் மாறலாம்.

உண்மையான நடைமுறை நீண்டது. கடனாளி மனுவில் தன் கடன்கள், கடன் கொடுத்தவர்கள், சொத்துகள் அனைத்தையும் காட்ட வேண்டும். தன்னால் கடனை அடைக்க இயலாது என்று நீதிமன்றத்துக்கு முதல்நோக்கிலாவது விளங்கச் செய்ய வேண்டும். இல்லையென்றால் மனு தள்ளுபடியாகும். மனு ஏற்கப்பட்டால் அவர் திவாலானவர் என்று அறிவிக்கப்படுவார். அப்போது அவரது சொத்து நீதிமன்றத்தின் அல்லது ரிசீவரின் வசம் போகும். அது விற்கப்பட்டு, கடன் கொடுத்தவர்களுக்கு விகிதப்படி பங்கிடப்படும். இவற்றுக்குப் பிறகும் கடன் தானாக நீங்குவதில்லை. நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் 'விடுவிப்பு' கேட்டுத் தனியாக மனுச் செய்ய வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டால், திவால் அறிவிப்பே ரத்தாகிவிடும். கடன்காரர்கள் மீண்டும் வாசலில் நிற்பார்கள்.

2. "புதிய திவால் சட்டம் வந்துவிட்டது, எல்லாருக்கும் பொருந்தும்"

2016இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தைப் பற்றித் தொலைக்காட்சியில் கேட்டவர்கள், அது சாதாரணக் குடும்பத்துக்கும் உதவும் என்று நினைக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் மூன்றாம் பாகம் தனிநபர்களைப் பற்றியதுதான். ஆனால் அது 2019 டிசம்பர் 1 முதல் ஒரே ஒரு வகையினருக்கு மட்டுமே நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது: கம்பெனிகள் வாங்கிய கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்கள். இந்த நடவடிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் தீர்ப்பளித்தது.

அந்தச் சட்டத்தில் ஏழைக் கடனாளிக்கான 'புதிய தொடக்கம்' என்ற நடைமுறையும் எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மிகாமல், சொத்து 20,000 ரூபாய்க்கு மிகாமல், கடன் 35,000 ரூபாய்க்கு மிகாமல், சொந்த வீடும் இல்லாமல் இருப்பவருக்கான சலுகை அது. தாளில் இருக்கிறதே தவிர, மளிகைக் கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் அதைப் பயன்படுத்தும் வகையில் அமலாக்கப்படவில்லை. அவர்களுக்கு வழி இன்னும் அந்த நூறாண்டுப் பழைய சட்டங்கள்தாம். இதைக் கேள்வி கேட்க வேண்டிய கடமை நம் மக்கள் பிரதிநிதிகளுக்கு உண்டு. பெரும் நிறுவனங்களின் கடன் சிக்கலுக்குத் தனித் தீர்ப்பாயமும் காலக்கெடுவும் ஏற்பாடு செய்ய முடிந்த அரசுக்கு, சாமானியனின் சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு வழி திறப்பது இயலாத காரியமல்ல.

3. "வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு மனுக் கொடுக்கலாம்"

இந்த யோசனையைச் சொல்ல ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். "ஹிபா எழுதிக் கொடுத்துவிடு, யார் கேட்க முடியும்?" என்பார்கள்.

சட்டம் கேட்கும். சொத்தை மாற்றிய நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கலான மனுவின் பேரில் ஒருவர் திவாலானவராக அறிவிக்கப்பட்டால், நேர்மையான விலைக்கு விற்காத மாற்றங்களை நீதிமன்றம் ரத்து செய்யலாம் (53ஆவது பிரிவு). கடன்காரர்களை ஏய்க்கும் நோக்கத்துடன் சொத்தை மாற்றுவதே ஒரு நொடிப்புச் செயல்தான். மனுவுக்கு முந்தைய 3 மாதங்களில் மைத்துனருக்கோ நண்பருக்கோ மட்டும் முந்திக் கடனை அடைத்து மற்றவர்களை விட்டுவிடுவதும் செல்லாததாகலாம் (54ஆவது பிரிவு). சொத்தை மறைத்தால், கணக்குப் புத்தகங்களைத் திருத்தினால் சிறைத் தண்டனை வரை போகும்.

இங்கே மஹரையும் குறிப்பிட வேண்டும். கொடுக்கப்படாத மஹர் கணவன் மீதுள்ள கடன். மார்க்கமும் அப்படித்தான் சொல்கிறது, நாட்டின் நீதிமன்றங்களும் அதைக் கடனாகவே ஏற்கின்றன. எனவே அது உண்மையாக நிலுவையில் இருந்தால் கடன் பட்டியலில் மனைவியின் பெயரும் இடம்பெறலாம். ஆனால் நிக்காஹ் பதிவேட்டில் ஒரு தொகை, மனுவில் வேறொரு தொகை என்றால், அந்தப் பொய் நீதிமன்றத்திலும் நிற்காது, மறுமையிலும் நிற்காது. மனைவிக்குத் தாய்வீடு போட்ட நகை அவருடைய சொந்தச் சொத்து. அது கணவனின் கடனில் சேராது.

4. "மனுக் கொடுத்தால் உடுத்திய துணியோடு தெருவில் நிற்க வேண்டும்"

இது எதிர்ப்பக்கப் பயம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு ஜப்தி செய்யக்கூடாத பொருட்களைப் பட்டியலிடுகிறது. தேவையான உடைகள், சமையல் பாத்திரங்கள், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள், விவசாயியின் உழவுக் கருவிகள், வருங்கால வைப்பு நிதி போன்றவை அதில் உள்ளன. விவசாயியும் கூலித் தொழிலாளியும் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கும் அந்தப் பிரிவில் பாதுகாப்பு உண்டு. திவால் நடவடிக்கையிலும் இவை ரிசீவர் வசம் போகாது.

ஆனால் கடை, மனை, வாடகை வரும் கட்டடம் போன்றவை போகும். விடுவிப்புக் கிடைப்பதற்கு முன் வாப்பா மறைந்து வாரிசுப் பங்கு வந்தால் அதுவும் ரிசீவருக்கே சேரும். இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

5. "எல்லாக் கடனும் ஒரேயடியாகப் போய்விடும்"

போகாது. வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்கு வங்கி வீட்டை ஏலம் விடலாம். நகைக் கடனும் அப்படியே. ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவரின் உரிமையைத் திவால் அறிவிப்பு தொடுவதில்லை.

அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகை, மோசடியால் ஏற்பட்ட கடன், மனைவி மக்களுக்கான ஜீவனாம்ச உத்தரவு ஆகியவை விடுவிப்புக்குப் பிறகும் தொடரும். காசோலை திரும்பியதற்கான வழக்கு குற்ற வழக்கு. ஐ.பி. மனு அதற்குக் கேடயமல்ல.

நம் ஊர்களில் அதிகம் கவனிக்க வேண்டியது ஜாமீன் கையெழுத்து. கடன் வாங்கியவர் விடுவிக்கப்பட்டாலும், அவருக்காக ஜாமீன் நின்றவரின் பொறுப்பு நீங்காது. கூட்டாளியின் பொறுப்பும் நீங்காது. "நம்ம மச்சான்தானே" என்று கையெழுத்துப் போட்டவர், மச்சான் திவாலான பிறகு தனியாக மாட்டிக்கொள்வார். ஆகவே மனுக் கொடுக்க நினைப்பவர் முதலில் தனக்காகக் கையெழுத்திட்டவர்களை உட்காரவைத்துப் பேசுவது அவர்களுக்குச் செய்யும் கடமை.

6. "கடன் கட்டாவிட்டால் போலீஸ் பிடித்துப் போகும்"

வசூலிக்க வருபவர்களின் முதல் மிரட்டலே இதுதான். வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். காவல் நிலையத்தில் வைத்துப் பஞ்சாயத்துச் செய்து வசூலிக்க யாருக்கும் அதிகாரமில்லை. நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சிவில் சிறை என்ற ஒன்று உண்டு. ஆனால் வசதியிருந்தும் தீய எண்ணத்துடன் கட்டாதவருக்கே அது பொருந்தும் என்று, கொச்சி வங்கி தொடர்பான வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வறுமை குற்றமல்ல என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்வதை 56ஆவது பிரிவு அடியோடு தடுக்கிறது. நுண்கடன் குழுவில் இருக்கும் நம் சகோதரிகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் போன் செய்து அவமானப்படுத்துவதும் விதிமீறல். அநியாய வட்டிக்கு எதிராக 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2017இல் நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்கு இரையானதை யாரும் மறந்திருக்க முடியாது. சட்டம் புத்தகத்தில் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

7. "வாப்பாவின் கடன் பிள்ளைகள் தலையில்"

இறந்தவரின் கடன் அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து அடைக்கப்பட வேண்டும். வாரிசுகள் தங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்கே சட்டப்படி பொறுப்பு. சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டிய சட்டக் கடமை இல்லை. மார்க்கத்திலும் சொத்துப் பங்கீட்டுக்கு முன் கடனை அடைப்பதை அன்னிஸா அத்தியாயத்தின் 11ஆவது வசனம் வலியுறுத்துகிறது. பிள்ளைகள் தாமாக முன்வந்து அடைத்தால் அது பெற்றோருக்குச் செய்யும் பேருபகாரம். கடன் பாக்கியோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கியதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழுவித்ததும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அந்தக் கவலை நமக்கு இருக்க வேண்டும். ஆனால் அதைக் காட்டி அனாதைப் பிள்ளைகளை மிரட்டி எழுதி வாங்குவது வேறு விஷயம்.

8. "திவால் ஹராம்" – "சட்டம் விடுவித்தால் அல்லாஹ்விடமும் முடிந்தது"

இரண்டுமே தவறு.

திவால் என்ற நடைமுறை இஸ்லாத்துக்குப் புதிதல்ல. ஃபிக்ஹ் நூல்களில் 'தஃப்லீஸ்' என்ற தனிப் பாடமே இருக்கிறது. பழ வியாபாரத்தில் நஷ்டப்பட்டுக் கடன் பெருகிய ஒருவருக்குத் தர்மம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் மக்களிடம் கூறினார்கள். சேர்ந்த தொகை கடனுக்குப் போதவில்லை. அப்போது கடன் கொடுத்தவர்களிடம், கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்ற கருத்தில் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. இருப்பதைப் பங்கிடுவது, அதற்கு மேல் நெருக்காமலிருப்பது என்ற இரண்டு அடிப்படைகளும் அதில் உள்ளன. கடனாளியின் சொத்தை நீதிபதி தம் பொறுப்பில் எடுத்து விற்றுப் பங்கிடலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹப் உள்ளிட்ட பெரும்பான்மை அறிஞர்களின் நிலை. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து இதில் வேறு. ஆனால் அவருடைய மாணவர்களான இமாம் அபூ யூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும் பெரும்பான்மையோடு நிற்கிறார்கள்.

அதே நேரம், நீதிமன்றத்தின் விடுவிப்பு உத்தரவு அடியானின் உரிமையை அழித்துவிடாது. கடன் கொடுத்தவர் மனமுவந்து மன்னிக்காத வரை, மீதமுள்ள அசல் நம் பொறுப்பில் இருக்கிறது என்பதே அறிஞர்களின் வழிகாட்டுதல். வசதி வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். வட்டிப் பகுதியைப் பற்றி உலமாக்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வசதியிருந்தும் தாமதிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். திருப்பித் தரும் எண்ணத்தோடு வாங்கியவருக்கு அல்லாஹ் உதவுவான் என்ற நற்செய்தியும் இருக்கிறது. மனுவில் கையெழுத்திடும் முன் நம் நிய்யத் எது என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

கடன் கொடுத்தவருக்கும் மார்க்கத்தில் செய்தி இருக்கிறது. கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும் வரை அவகாசம் தரவும், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் சிறந்தது என்றும் அல்பகராவின் 280ஆவது வசனம் சொல்கிறது. இதைக் கடனாளிக்கு நினைவூட்டும் நாம், கடன் கொடுத்தவருக்கு நினைவூட்டுவதில்லை.

9. "அதோடு வாழ்க்கை முடிந்தது"

விடுவிப்புப் பெறாத காலத்தில் சில தடைகள் உண்டு. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது. தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்குவதே குற்றம். வங்கிக் கடன் வரலாற்றில் கரும்புள்ளி விழும். ஆனால் உழைக்கலாம், சம்பாதிக்கலாம், பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். விடுவிப்புக்குப் பிறகு தொழிலையும் மீண்டும் தொடங்கலாம். சூதாட்டம், ஆடம்பரம், கண்மூடித்தனமான ஊக வணிகம், கணக்கு எழுதாமை போன்ற காரணங்களால் நொடித்தவருக்கு முழு விடுவிப்பு மறுக்கப்படும். கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா 282ஆவது வசனத்தைப் பின்பற்றிக் கணக்கு வைத்திருந்தவருக்கு இந்த இடத்தில் அதுவே துணை நிற்கும்.

ஜமாஅத்துகள் என்ன செய்யலாம்?

திவால் மனு கடைசிக் கதவு. அதற்கு முன் திறக்க வேண்டிய கதவுகள் இருக்கின்றன.

முதலாவது, முழுப் பட்டியல். யாருக்கு எவ்வளவு, எந்த ஈட்டின் பேரில், எத்தனை விழுக்காடு வட்டி, யார் ஜாமீன் என்பதை ஒரே தாளில் எழுத வேண்டும். வீட்டில் மனைவிக்குத் தெரியாமல் ஒரு கடன்கூட இருக்கக் கூடாது.

இரண்டாவது, சமரசம். கடன் கொடுத்தவர்களை ஜமாஅத் நிர்வாகிகள் ஒன்றாக அமரவைத்து, தவணையோ குறைப்போ பேசி எழுத்தில் வாங்கலாம். திவால் நடவடிக்கை தொடங்கிய பிறகும், கடனை நிரூபித்து ஆஜரானவர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையினரும் கடன் மதிப்பில் நான்கில் மூன்று பங்கினரும் ஒப்புக்கொண்டால், சமரசத் திட்டத்தை நீதிமன்றம் ஏற்கச் சட்டத்தில் இடமுண்டு. மக்கள் நீதிமன்றத்தில் எட்டும் சமரசம் தீர்ப்புக்கு நிகரானது.

மூன்றாவது, ஜகாத். அத்தவ்பா 60ஆவது வசனம் கூறும் எட்டுப் பிரிவினரில் கடன்பட்டோரும் அடங்குவர். நம் பைத்துல்மால்கள் ரமளானில் அரிசி, துணி வழங்குவதோடு நிற்காமல், தகுதியான கடனாளிகளுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கலாம். பெயரை வெளியே சொல்லாமல், அசலை நேரடியாகக் கடன்காரருக்கே செலுத்தலாம்.

நான்காவது, சட்ட உதவி. ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் கிடைப்பார். உதவி எண் 15100. வக்கீலைப் பார்க்காமல், தரகர் சொல்லைக் கேட்டு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

கடைசியாக, கடனில் மூழ்கிய ஒருவர் தொழுகைக்கு வருவதை நிறுத்திவிட்டால், போனை எடுக்காமல் போனால், அதை அலட்சியப்படுத்தாதீர்கள். மறுநாளே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மனம் தளர்ந்திருப்பவர் 14416 என்ற எண்ணில் இரவு பகல் பாராமல் இலவச மனநல ஆலோசனை பெறலாம். பணத்தை இழந்தவர் மீண்டும் சம்பாதித்துவிடலாம். உயிரை இழந்த வீட்டுக்கு எந்த நீதிமன்றமும் ஈடு தர முடியாது.

அடுத்த முறை பள்ளிவாசல் வாசலில் யாராவது "மஞ்சள் நோட்டீஸ்" என்று பேச்செடுத்தால், "அவர் வீட்டில் சமையலுக்கு இருக்கிறதா?" என்று கேட்பவராக நாம் இருப்போம். கடன் சுமையிலிருந்தும் கடன்காரர்களின் ஆதிக்கத்திலிருந்தும் நம் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.